எங்கே பிடிப்பாய்? 16 மி.மீ. நீராவி எஞ்சினுக்குக் குட்டிச் சாமான் கடைவது

முதல் எம் 2 போல்ட்டை (2 மி.மீ. தடிமன்) லேத்தில் கடைந்து அறுத்ததும் அது துள்ளிப் போய் இரும்புச் சுருள் குவியலுக்குள் விழுந்துவிட்டது. அரை மணி நேரம் காந்தம் வைத்துத் தேடினேன். காந்தத்தில் சுருள்தான் கொத்துக் கொத்தாக ஒட்டியது, போல்ட் வரவே இல்லை. ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அப்பா, "கடையறதுக்கு முன்னாடி எங்க புடிப்பேன்னு பாக்கோணும் கண்ணு, அறுக்கறதுக்கு முன்னாடி எங்க விழும்னு பாக்கோணும்" என்றார். மறுநாள் வீட்டிலிருந்து பழைய டீ வடிகட்டி ஒன்றை எடுத்துவந்து, சாமானை அறுத்தெடுக்கும் பார்ட்டிங் டூலுக்கு நேர் கீழே கம்பி கட்டித் தொங்கவிட்டேன். அதற்குப் பிறகு ஒரு போல்ட்டும் தொலையவில்லை.

எங்கள் பட்டறை கோவை கணபதியில் இருக்கிறது. நாலரை அடி லேத், பெஞ்ச் டிரில், கிரைண்டர், அவ்வளவுதான். அப்பா இங்கே பம்ப் ஷாஃப்ட்டும் புஷ்ஷும் கடைந்து எங்களைப் படிக்க வைத்தார். மாலை ஆறு மணிக்கு மேல் லேத் என்னுடையது. மாடல் எஞ்சின் செய்வதற்கென்று தனியாகக் குட்டி லேத் வாங்கவேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் வேலை நடக்கும். எங்கள் லேத்தின் உச்ச வேகம் நிமிடத்துக்கு 800 சுற்று. 2 மி.மீ. கம்பியை அந்த வேகத்தில் சுற்றினால் வெட்டும் வேகம் நிமிடத்துக்கு 5 மீட்டர் வரும். பித்தளைக்கு 60 மீட்டர் வரை போகலாம் என்று அட்டவணை சொல்லும். நமக்கு அவசரம் இல்லை, டூல் கூர்மையாக இருந்தால் 5 மீட்டரிலும் பளபளவென்று கடைசல் வரும்.

எந்த எஞ்சின் செய்வது? எங்கள் ஊர்ப்பக்கம் யாரைக் கேட்டாலும் ஊட்டி ரயில் என்பார்கள். எனக்கும் அதுதான் ஆசை. ஆனால் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் வடிவமைத்த அந்த எக்ஸ் கிளாஸ் எஞ்சினுக்கு நான்கு சிலிண்டர். கீழே இருக்கும் உயர் அழுத்த ஜோடி சக்கரத்தை ஓட்டும். அங்கிருந்து வெளியேறும் நீராவி மேலே உள்ள தாழ் அழுத்த ஜோடிக்குப் போய், கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே பல் தண்டவாளத்தில் ஏறும் பல்சக்கரத்தைச் சுற்றும். முதல் எஞ்சினாக அதைத் தொட்டால் மூன்று வருஷம் ஓடிப்போகும், எஞ்சின் ஓடாது. ஒற்றைச் சிலிண்டர், நிற்கும் வாக்கு, பிஸ்டனின் இரண்டு பக்கமும் நீராவி தள்ளும் வகை, ஸ்லைடு வால்வு (நீராவித் துளைகளின் மேல் முன்னும் பின்னும் சறுக்கி, நீராவியை உள்ளே விட்டு வெளியேற்றும் துண்டு). இதில் தொடங்குங்கள். என்னுடையதில் சிலிண்டர் துளை 16 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 20. சிலிண்டருக்குப் பழைய பம்ப்பின் கன்மெட்டல் (வெண்கல வகை) புஷ் ஒன்று. கோவையில் கன்மெட்டல் துண்டுக்குப் பஞ்சமே இல்லை.

பெரிய சாமான்களைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. சிலிண்டர், ஃப்ளைவீல், அடித்தட்டு எல்லாம் சாதாரணக் கடைசல் வேலை. ஆளைப் படுத்தி எடுப்பவை விரல் நகத்தைவிடச் சின்னதாக இருப்பவைதான். அவற்றை வெட்டுவது கஷ்டமில்லை, பிடிப்பதுதான் கஷ்டம்.

முதல் சிக்கல், கம்பியைக் கவ்விச் சுற்றும் சக்கிலேயே இருக்கிறது. எங்கள் எட்டு அங்குல மூன்று ஜா (கவ்வும் தாடை) சக் முழுக்க மூடினாலும் 4 மி.மீ. கம்பி நடுவில் லொடலொடவென்று ஆடும். ஈ.ஆர். காலெட் செட் (மெல்லிய கம்பியைச் சுற்றிலும் கவ்வும் பிளவுக் குழல்கள்) வாங்கலாம். அதற்கு முன்னால் அப்பா காட்டிக்கொடுத்த ஸ்பிளிட் புஷ்ஷைச் செய்து பாருங்கள். 20 மி.மீ. பித்தளை ராடைச் சக்கில் பிடித்து ஃபேசிங் செய்து (முனை முகத்தைச் சமமாகக் கடைந்து), ஓரத்தில் மெல்லிய விளிம்பு விட்டுக் கடையுங்கள். சக்கின் முகத்தில் அது முட்டி நிற்க வேண்டும். நடுவில் சென்டர் டிரில், பிறகு 3.9 டிரில், கடைசியாக, துளையைச் சரியான அளவுக்குக் கொண்டுவர 4 மி.மீ. ரீமர். கழற்றும் முன் ஒன்றாம் நம்பர் ஜாவுக்கு நேராகப் பஞ்ச் புள்ளி ஒன்று வையுங்கள். இதை மறந்தால் செய்த வேலை வீண். பிறகு இரண்டு ஜாக்களுக்கு நடுவே வரும் இடத்தில் ஹாக்சாவால் நீளவாக்கில் ஒரு பக்கம் மட்டும் பிளந்து, பிசிறை எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு முறையும் புள்ளியை ஒன்றாம் ஜாவுக்கு நேராக வைத்து மாட்டினால் கம்பி ஆடாமல் சுற்றும். என்னிடம் இப்போது 2 முதல் 6 வரை பத்து புஷ் இருக்கிறது, பழைய பிஸ்கட் டப்பாவில்.

டூலுக்கு நான் எடுப்பது இரண்டு நூல் ஹெச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல்) பிட். மில்லியில் பேசுகிறவர்களுக்கு: ஒரு நூல் என்பது அரைக்கால் அங்குலம், இரண்டு நூல் கால் அங்குலம். கார்பைடு முனை இந்த அளவுக்கு மொட்டை. மெல்லிய கம்பியை வெட்டாமல் தள்ளிவிடும். பித்தளைக்கு டூலின் மேல்முகம் தட்டையாக இருக்கட்டும், சரிவு கொடுத்தால் உள்ளே இழுக்கும். டிரில்லிலும் அதே தொல்லைதான். வெட்டும் விளிம்பில் எண்ணெய்க் கல்லால் இரண்டு தேய்ப்பு தேய்த்து, மயிரிழை அளவு தட்டை முகம் கொடுங்கள். பிறகு கன்மெட்டலில் டிரில் மாட்டி முறியாது.

டூல் உயரத்தில் இரண்டு பாயிண்ட் (0.2 மி.மீ.) பிசகினாலும் பெரிய ஜாபில் தெரியாது. 2 மி.மீ. ஜாபில் நடுவில் ஒரு முளை நின்றுவிடும், அல்லது ஜாப் டூலின் மேல் ஏறி வளையும். சோதிக்க ஒரு எளிய வழி: பழைய பிளேடு ஒன்றை ஜாபுக்கும் டூல் முனைக்கும் நடுவே மெல்ல நெருக்குங்கள். பிளேடு நேராக நின்றால் சரி. மேல்முனை உங்கள் பக்கம் சாய்ந்தால் டூல் தாழ்ந்திருக்கிறது, ஜாபின் பக்கம் சாய்ந்தால் உயர்ந்திருக்கிறது. லேத் நின்றிருக்கும்போது மட்டும்தான் இது. அதோடு, பெண்கள் யாராவது இதைப் படித்தால்: துப்பட்டாவை வீட்டிலேயே விட்டுவிடுங்கள், பின்னலைச் சட்டைக்குள் போடுங்கள். சட்டைக் கை முழங்கைக்கு மேல் இருக்கட்டும்.

இனி போல்ட். சிலிண்டர் மூடி ஒன்றுக்கு ஆறு, இரண்டு மூடிக்குப் பன்னிரண்டு. கடையிலேயே எம் 2 கிடைக்குமே என்றால், கிடைக்கும். ஆனால் அதன் அறுகோணத் தலை 4 மி.மீ. அகலம். 26 மி.மீ. மூடியில் அதை வைத்தால் குழந்தை தலையில் அப்பா ஹெல்மெட் மாட்டியது மாதிரி இருக்கும். எனக்கு 3 மி.மீ. தலை வேண்டும். 3 மி.மீ. அறுகோண ராடு நான் தேடிய கடைகளில் இல்லை. வட்டக் கம்பியிலிருந்தே செய்தேன்.

4 மி.மீ. ஈ.என். 1ஏ (சுலபமாகக் கடையவரும் எஃகு) ராடை ஸ்பிளிட் புஷ்ஷில் 12 மி.மீ. வெளியே நீட்டிப் பிடிக்கவும். முதலில் 10 மி.மீ. நீளத்துக்கு 3.46 ஆகக் கடையவும். 3 மி.மீ. அறுகோணத்தின் மூலைக்கு மூலை அளவு அதுதான் (3 பெருக்கல் 1.155). அடுத்து முனையில் 6 மி.மீ. நீளத்துக்கு 1.95. இதை ஒரே கட்டில் எடுக்கவேண்டும். பயந்து பயந்து ஐந்து பாயிண்ட், ஐந்து பாயிண்ட்டாக எடுத்தால், கடைசிக் கட்டில் கம்பி மெலிந்து டூலை விட்டு விலகி, நுனி தடித்தும் அடி மெலிந்தும் வரும். முழு ஆழமும் ஒரே கட்டில் இறங்கும்போது டூலுக்கு எதிரே இருப்பது இன்னும் தடித்த கம்பி, அதனால் வளையாது. ஃபீடு கையால், நிதானமாக, நிற்காமல்.

மரை போட, டெயில்ஸ்டாக்கில் (சக்குக்கு எதிரே நகரும் தாங்கி) மரை வெட்டும் டையைப் பிடிக்கும் டை ஹோல்டர். மோட்டாரை அணைத்துவிட்டுச் சக்கைக் கையால் சுற்றவும். அரைச் சுற்று முன்னால், கால் சுற்று பின்னால். எண்ணெய்க்கு அப்பா தேங்காய் எண்ணெயைத்தான் தொடுவார். நானும் அதே. பட்டறை வாசனை கொஞ்சம் சமையலறை மாதிரி ஆகிவிடும், பரவாயில்லை.

இப்போது தலைக்கு அறுகோணம். சுற்றைச் சமபாகமாகப் பிரிக்கும் டிவைடிங் ஹெட் தேவையில்லை. மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு, லேத் பெட்டின் முன்பக்கம் ஒரு மரக்கட்டையை நிறுத்தி, அதன் மேல் ஒரு ஜா படிந்து கிடைமட்டமாக நிற்கும்படி உயரத்தைச் செதுக்குங்கள். மூன்று ஜாவையும் ஒவ்வொன்றாக அதில் படியவைத்தால் மூன்று முகம். அதே கட்டையைப் பின்பக்கம் வைத்துத் திரும்பவும் மூன்று ஜா, மற்ற மூன்று முகம். ஒவ்வொரு நிலையிலும் மேலே தட்டை அரத்தால் கிடைமட்டமாகத் தேய்க்கவேண்டும். எடுக்கவேண்டியது வெறும் 0.23 மி.மீ. எதிரெதிர் முகங்களை வெர்னியரில் பார்த்து 3.00 வந்ததும் நிறுத்துங்கள். முதல் இரண்டு போல்ட் கோணலாகத்தான் வரும். ஐந்தாவதில் கை தானாகவே கிடைமட்டம் பிடித்துக்கொள்ளும்.

அறுப்பதற்கு, உடைந்த பவர் ஹாக்சா பிளேடை கிரைண்டரில் ஒரு மில்லி அகலத்துக்குத் தீட்டிய பார்ட்டிங் டூல். தலைத் தடிமன் 1.4 வேண்டும், 1.6 விட்டு அறுக்கவும். வடிகட்டியில் விழும். மிச்ச வேலைக்கு அதை எங்கே பிடிப்பது? பித்தளைத் துண்டில் எம் 2 மரை போட்டுச் சக்கில் மாட்டுங்கள், போல்ட்டை அதில் முடுக்குங்கள், தலையை 1.4க்கு ஃபேசிங் செய்து, மூலைகளை அரத்தால் லேசாக மழுக்குங்கள். பன்னிரண்டு வேண்டுமென்றால் பதினைந்து செய்யுங்கள்.

மூடியில் ஆறு துளை குறிப்பது சுலபம். போல்ட் வட்டம் 21 மி.மீ. என்றால் காம்பஸை 10.5க்கு வைத்து வட்டத்தின் மேலேயே நடந்தால் ஆறு புள்ளி விழும். வால்வுப் பக்கம் நீராவி வழி போகிற இடம் இரண்டு போல்ட்டுக்கு நடுவே வரட்டும். இதை முதலிலேயே தாளில் வரைந்து பார்த்துவிடுங்கள்.

துளைக்குள் மரை வெட்டும் எம் 2 டேப்புக்கு அட்டவணை 1.6 டிரில் சொல்லும். நான் 1.65 போடுகிறேன். மரையின் பிடிப்பு ஒரு துளி குறையும், ஆனால் டேப் உடையாது. இந்த ஞானம் வந்தது சிலிண்டரின் ஐந்தாவது துளையில் டேப் உடைந்த பிறகு. கன்மெட்டலில் மூன்று ஞாயிற்றுக்கிழமை வேலை, உள்ளே உடைந்த டேப். அழுகைதான் வந்தது. அப்பா ஒன்றும் சொல்லாமல் போய் நாட்டு மருந்துக் கடையில் கால் கிலோ படிகாரம் வாங்கிவந்தார். கண்ணாடிப் பாத்திரத்தில் வெந்நீர் ஊற்றி, இனி கரையாது என்னும் வரை படிகாரத்தைக் கரைத்து, சிலிண்டரை முழுக்கப் போட்டு, பாத்திரத்தைச் சுடுநீர்ச் சட்டிக்குள் இறக்கிச் சூடாகவே வைத்திருந்தோம். சற்று நேரத்தில் துளையிலிருந்து ஊசிமுனைக் குமிழிகள் வரிசையாக ஏற ஆரம்பித்தன. படிகாரம் இரும்பைத் தின்னும், கன்மெட்டலையும் பித்தளையையும் கிட்டத்தட்ட விட்டுவிடும். இரண்டாம் நாள் மாலை ஊசியால் குத்தினேன், கறுப்புச் சேறாக வெளியே வந்தது. மரை அப்படியே இருந்தது. கார்பன் ஸ்டீல் டேப் சீக்கிரம் கரையும், ஹெச்.எஸ்.எஸ். பொறுமையைச் சோதிக்கும். சிலிண்டர் வார்ப்பிரும்பாக இருந்தால் இந்த வைத்தியமே கூடாது, சிலிண்டரும் சேர்ந்து போய்விடும். ஜன்னலைத் திறந்து வையுங்கள். அம்மாவின் பாத்திரத்தைத் தொடாதீர்கள். நான் தொட்டேன், இன்றும் பேச்சு கேட்கிறேன்.

வால்வுக்கு வருவோம், ஏனென்றால் ஷாஃப்ட்டோடு சுற்றி வால்வை நகர்த்தும் எக்சென்ட்ரிக்கின் அளவு அங்கிருந்துதான் வரும். என் வால்வு முகத்தில் நீராவித் துளை இரண்டும் 2 மி.மீ. அகலம், நடுவில் வெளியேற்றும் துளை 3, இடைச்சுவர் 2, 2. ஆக ஓரத்திலிருந்து ஓரம் 11. இரு பக்கமும் லேப் (வால்வு நடுவில் நிற்கும்போது துளையின் வெளி ஓரத்தைத் தாண்டி மூடும் அளவு) 0.4 வைத்தால் வால்வின் நீளம் 11.8, உள் குழி 7. நீராவித் துளை முழுக்கத் திறக்க வால்வு ஒரு பக்கம் 2.4 நகரவேண்டும். அதுதான் எக்சென்ட்ரிக்கின் விலகல். மொத்த ஓட்டம் 4.8.

எக்சென்ட்ரிக் என்பது 16 மி.மீ. வட்டு, அதன் மையத்திலிருந்து 2.4 தள்ளி 5 மி.மீ. ஷாஃப்ட் துளை. மூன்று ஜா சக்கில் ஒரு ஜாவுக்கு அடியில் தகடு வைத்துப் பிடித்தால் போதும், தகட்டின் தடிமன் விலகலைப்போல ஒன்றரை மடங்கு என்று பட்டறைகளில் ஒரு வழக்கக் கணக்கு உண்டு. 3.6 மி.மீ. தகடு வைத்துச் செய்தேன். மாட்டிப் பார்த்தால் வால்வின் ஓட்டம் 5.2 வந்தது. தப்பு என் கையில் இல்லை, கணக்கில். வட்டு சின்னதாகவும் விலகல் பெரியதாகவும் இருந்தால் ஒன்றரை மடங்கு பொய் சொல்லும். இந்த அளவுக்குச் சரியான தகடு சுமார் 3.3. ஷாஃப்ட்டில் ஒரு மில்லி விலகலுக்கு அந்தக் கணக்கு பரவாயில்லை, இங்கே வேண்டாம்.

சரியான வழி நான்கு ஜா சக். 20 மி.மீ. ஈ.என். 1ஏ ராடில் முதலில் 16 மி.மீ. வட்டைக் கடைந்து, ஸ்ட்ராப் (வட்டைச் சுற்றி மாட்டும் வளையம்) ஓடும் 3 மி.மீ. பள்ளத்தையும் எடுத்துவிடுங்கள். அறுக்காதீர்கள். ராடு நமக்குக் கைப்பிடி, கடைசி வரை அது வேண்டும். அதே ராடை நான்கு ஜாவில் மாற்றி, டயல் கேஜின் ஊசியை அந்த 16 மி.மீ. முகத்தின் மேல் வைத்து, சக்கைக் கையால் மெல்லச் சுற்றுங்கள். அதிகபட்சத்துக்கும் குறைந்தபட்சத்துக்கும் வித்தியாசம் 4.8 வரும்வரை எதிரெதிர் ஜாக்களைத் தளர்த்தி இறுக்கவேண்டும். மற்ற இரண்டு ஜா நடுவிலேயே இருக்கட்டும். முதல் தடவை எனக்கு நாற்பது நிமிஷம் ஆனது, இப்போது பத்து. பிறகு சென்டர் டிரில், 4.8 டிரில், 5 ரீமர். அதே பிடிப்பில் முனையில் 10 மி.மீ. கழுத்து ஒன்று கடைந்துவிடுங்கள், ஷாஃப்ட்டில் இறுக்கும் கிரப் ஸ்க்ரூ போட இடம் வேண்டுமே. பார்ட்டிங் எல்லாவற்றுக்கும் கடைசியில். ரீமர் போன துளைக்குள் டெயில்ஸ்டாக்கிலிருந்து ஒரு கம்பியை நுழைத்து வைத்தால், அறுந்ததும் கம்பியில் வளையல் மாதிரி தொங்கும்.

வால்வுக்குப் பிடிக்கவே இடமில்லை. 11.8க்கு 10, உயரம் 6, ஒரு பித்தளைப் பொட்டு. இதை ஒட்டித்தான் பிடிக்கவேண்டும். பித்தளை ராடின் முகத்தை ஃபேசிங் செய்து அசிட்டோனால் துடைத்து, ஒரே ஒரு சொட்டு ஃபெவிக்விக், மேலே வால்வுத் துண்டு, டெயில்ஸ்டாக்கால் அழுத்தி ஐந்து நிமிஷம். கட் 0.2க்கு மேல் வேண்டாம், சூடேறினால் விட்டுவிடும். முகங்கள் முடிந்ததும் டூல் போஸ்ட்டில் அந்த ராடையே பிடித்து, சக்கில் 3 மி.மீ. எண்ட் மில் மாட்டி 2.5 ஆழத்துக்குக் குழி எடுத்தேன். கழற்ற, அடுப்புச் சூட்டில் காட்டினால் தானாக விழும். புகை கண்ணைக் கடிக்கும், முகத்தை அருகில் கொண்டுபோகாதீர்கள். கடைசியில் கண்ணாடித் தகட்டின் மேல் 1200 நம்பர் எமரித் தாளை விரித்து, எட்டு போடுகிற மாதிரி தேய்த்து, முழு முகமும் ஒரே சாம்பல் நிறம் ஆகும்வரை விடாதீர்கள். இங்கே ஒழுகினால் எஞ்சின் மூச்சு வாங்கும்.

பிஸ்டனுக்கு ஒரே விஷயம்: 16.5 ஆகக் கடைந்து, 4 மி.மீ. ஸ்டெயின்லெஸ் ராடில் மரை போட்டு இறுக்கிய பிறகு, ராடை புஷ்ஷில் பிடித்து 15.96க்கு இறுதிக் கட். தனியாகக் கடைந்து பிறகு மாட்டினால் கோணல் நிச்சயம். பிஸ்டன் ராடைச் சுற்றி ஒழுகாமல் அடைக்கும் க்ளாண்டுக்கு பிளம்பர் டெஃப்லான் டேப்பை நூலாகத் திரித்துச் சுற்றினால் போதும்.

வால்வு செட் செய்ய, பிஸ்டனை உச்சியில் நிறுத்துங்கள். எக்சென்ட்ரிக்கைக் கிராங்குக்கு முன்னால் சுமார் 100 டிகிரியில் வைத்து, மேல் துளை திறக்கத் தொடங்குகிற இடத்தில் கிரப் ஸ்க்ரூவை இறுக்குங்கள். மெல்லிய தாள் ஒன்றைத் துளைக்குள் விட்டால், வால்வு அதைப் பிடிப்பதும் விடுவதும் விரலில் தெரியும். அடுத்து பிஸ்டனைக் கீழே கொண்டுபோய் அதே சோதனை. இரண்டும் ஒத்து வராவிட்டால் வால்வு ஸ்பிண்டில் நட்டை நகர்த்திப் பாதி வித்தியாசத்தை ஈடுகட்டவேண்டும்.

பாய்லரை இப்போது தொடாதீர்கள். 3 பார் அழுத்தத்தில் நீராவி 143 டிகிரி வரும், 183லேயே உருகிவிடும் சாதாரண ஈயப் பற்றை நம்பி பாய்லர் செய்யக்கூடாது. வெள்ளிப் பற்று, இரு மடங்கு அழுத்தத்தில் தண்ணீர்ச் சோதனை என்று அது தனி வேலை. முதலில் கம்ப்ரஸர் காற்று போதும். 1 பாருக்கு மேல் வேண்டாம். என்னுடையது முதல் நாள் ஓடவே இல்லை, ஃப்ளைவீலைத் தள்ளிவிட்டால் நாலு சுற்று சுற்றி நின்றது. க்ளாண்ட் நட்டை அதிகம் இறுக்கியிருந்தேன். கையால் தளர்த்தி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, இருபது நிமிஷம் காற்றில் ஓடவிட்டேன். பிறகு அழுத்தத்தை அரை பாருக்கு இறக்கினாலும் நிற்கவில்லை. க்ளாண்டில் காற்று உஸ்ஸென்று வந்தால் கால் சுற்று இறுக்குங்கள், கையால் மட்டும். ஸ்பேனர் வைக்காதீர்கள்.